உயிரின் இலக்கணமும் ஒரு குடுவையின் வழக்கும்

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலப் புகும் மாணவன் முதலாம் அத்தியாயத்திலேயே ஒரு பட்டியலை எதிர்கொள்கின்றான். போசணை, சுவாசம், கழிவகற்றல், வளர்ச்சி, அசைவு, உறுத்துணர்ச்சி, இனப்பெருக்கம் என்னும் ஏழும் உயிருள்ளவற்றின் சிறப்பியல்புகள் என அது கூறும். அங்கிகள் யாவும் கலங்களால் ஆனவை, ஒவ்வொரு கலமும் முன்னிருந்த கலத்திலிருந்தே தோன்றுவது என்னும் இரு வசனங்கள் அதனைத் தொடரும். வினாத்தாள் கேட்கின்றது, மாணவன் எழுதுகின்றான், புள்ளி கிடைக்கின்றது. அத்துடன் அந்த அத்தியாயம் மறக்கப்பட்டு விடுகின்றது.

ஆனால், சிந்திக்கும் மாணவன் ஒருவனுக்கு இப்பட்டியல் தொல்லை தருவதே முறை. அடுப்பில் எரியும் தீ விறகை உண்கின்றது, ஒட்சிசனைக் கொள்கின்றது, சாம்பலைக் கழிக்கின்றது, வளர்கின்றது, கூரைக்குக் கூரை தாவிப் பெருகவும் செய்கின்றது. அதனை உயிரென்பார் இல்லை. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி ஈனுவதில்லை. அதனை உயிரற்றது என்பாரும் இல்லை. 1935 இல் வெண்டல் ஸ்ரான்லி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், புகையிலை இலையில் தேமல் நோயை உண்டாக்கும் வைரசைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். அப்பளிங்கு உப்பைப் போலப் புட்டியிற் கிடந்தது. இலையிற் பட்டதும் பெருகிற்று. அதனை எந்தப் பக்கத்தில் வைப்பது? பாடநூலின் பட்டியல் உயிருக்கு வரைவிலக்கணம் அன்று. நெடுங்காலம் நடந்த வழக்குகளிற் கிடைத்த தீர்ப்புகளின் தொகுப்பே அது. அவ்வழக்குகளுள் ஒன்றை மாத்திரம் ஈண்டு நோக்குவாம். உயிர் உயிரிலிருந்தே தோன்றும் என்பது எவ்வாறு நிலைநாட்டப்பட்டது?

அழுகிய இறைச்சியில் புழு தானே பிறக்கின்றது என்பது அரிஸ்டோட்டில் காலந்தொட்டு அறிஞரும் பாமரரும் ஒருங்கே நம்பிய செய்தி. 1668 இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலியர், இறைச்சியிட்ட பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடினார். ஈ அணுகவில்லை, புழுவும் தோன்றவில்லை. ஆயினும் நுணுக்குக்காட்டி வெளிப்படுத்திய நுண்ணங்கிகள் விடயத்தில் அந்நம்பிக்கை மேலும் இருநூறு ஆண்டுகள் பிழைத்திருந்தது.

1856 இல் பிரான்சின் லீல் நகரில் பீற்றுக் கிழங்கிலிருந்து மதுசாரம் வடிக்கும் ஆலை உரிமையாளர் ஒருவர், தமது சரக்கு கெட்டுப்போவதன் காரணத்தைக் கண்டறியுமாறு அங்கிருந்த இரசாயனப் பேராசிரியரான லூயி பாஸ்டரை வேண்டினார். நொதித்தல் பற்றிய பாஸ்டரின் ஆய்வுகள் இவ்வாறு ஆலையின் தேவையோடு பிணைந்து வளர்ந்தன. தத்துவ விசாரம் பின்னரே வந்தது. 1859 இல் ரூவான் நகர இயற்கை வரலாற்று நூதனசாலையின் தலைவரான பூஷே, நுண்ணங்கிகள் தாமே தோன்றுகின்றன என வாதிட்டுப் பெருநூலொன்றை வெளியிட்டார். பாஸ்டர் மறுத்தெழுந்தார். அன்னத்தின் கழுத்துப் போல் வளைந்த நீண்ட கழுத்துடைய குடுவைகளில் மதுவக் கரைசலைக் கொதிக்க வைத்தார். காற்று உட்புகுந்தது; காற்றிலுள்ள தூசியோ வளைவிலே தங்கிற்று. கரைசல் தெளிவாகவே இருந்தது. 1860 இல் அல்ப்ஸ் மலையின் பனிப்பாறை மீது இருபது குடுவைகளைத் திறந்து மூடினார், ஒன்றே கெட்டது. பூஷேயும் நண்பர்களும் 1863 இல் பிரனீஸ் மலையேறி அவ்வாறே செய்தனர். அவர்களுடைய குடுவைகள் யாவும் கலங்கின.

இப்பிணக்கு நடந்த சூழலை நாம் மறந்துவிடலாகாது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியும் கத்தோலிக்கத் திருச்சபையும் கைகோத்திருந்த காலம் அது. டார்வினின் நூல் 1862 இல் கிளெமான்ஸ் றோயே அம்மையாரின் முன்னுரையோடு பிரெஞ்சில் வெளிவந்து குருமாரைச் சீண்டியிருந்தது. சடப்பொருளே உயிராகலாமெனின் படைப்புக் கடவுளுக்கு என்ன வேலை என்ற வினாவைப் பாஸ்டரே 1864 ஏப்ரில் 7 ஆந் திகதி சோர்போனில் ஆற்றிய விரிவுரையில் எழுப்பித் தமது பரிசோதனை எப்பக்கத்துக்கு அரண் செய்கின்றது என்பதையும் உணர்த்தினார். (பூஷே நாத்திகரல்லர், பக்தர் என்பது இக்கதையின் வேடிக்கை.) விஞ்ஞானக் கழகம் அமைத்த விசாரணைக் குழுவினர் பாஸ்டரின் பக்கம் சாய்ந்தவர்கள். குழுவின் நிபந்தனைகளை ஏற்காது பூஷே விலகினார். தீர்ப்பு பாஸ்டருக்குக் கிடைத்தது.

முடிவு சரியே. ஆனால் பூஷே பொய் சொல்லவில்லை. அவர் கையாண்டது வைக்கோற் சாறு. வைக்கோலில் வாழும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை என்பதை 1876 இல் ஜெர்மானியரான பேர்டினண்ட் கோன் காட்டினார். அந்தக் குழு பூஷேயின் சாற்றையே கொதிக்க வைத்துப் பார்த்திருக்குமாயின் தானும் திகைத்திருக்கும். வித்திகளின் உண்மையும் பன்னிரண்டு ஆண்டு முன்னரே வெளிப்பட்டிருக்கக்கூடும். தமக்குப் பிடித்த முடிவு வந்துவிட்டது என்பதற்காக எதிரியின் குடுவையை எடுத்துப் பாராது விட்டமையே அவர்களது குற்றம்.

உயிர் உயிரிலிருந்தே வருமெனின், முதல் உயிர் எங்கிருந்து வந்தது? 1924 இல் ரஷ்யாவில் ஒப்பாரின் என்ற இளைஞரும், 1929 இல் இங்கிலாந்தில் ஹோல்டேனும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தனர். ஆதிப் பூமியின் வளியில் ஒட்சிசன் இருக்கவில்லை. தோன்றிய சேதனப் பொருளை உண்டு தீர்க்க நுண்ணங்கிகளும் இருக்கவில்லை. ஆகவே அப்பொருள் கடலிற் சேர்ந்து செறிவதற்கு இடமிருந்தது. இன்றைய குடுவையில் நிகழாதது அன்றைய கடலில் நிகழ்ந்திருக்கலாம். பாஸ்டரின் விதி இவ்வாறு குறித்த நிலைமைகளுக்குரிய விதியாயிற்று. இயற்கைக்கும் வரலாறு உண்டென்பது இதன் பொருள். 1953 இல் சிக்காகோவில் ஸ்ரான்லி மில்லர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடு மின்பொறியைச் செலுத்தி, சில தினங்களில் அமினோவமிலங்களைப் பெற்றார். ஆதி வளியின் சேர்க்கை அதுதானா என்பதில் இன்று கருத்து வேற்றுமை உண்டு. அமினோவமிலத்திற்கும் கலத்திற்கும் இடையிலுள்ள தூரமோ இன்னும் கடக்கப்படவில்லை.

இங்கு நமக்கு உவப்பில்லாத ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். முட்டைக் கருவிலுள்ள கலமற்ற பொருளிலிருந்து கலங்கள் தாமே உருவாவதைக் கண்டதாக லெபஷின்ஸ்காயா என்ற மூத்த போல்ஷெவிக் பெண்மணி கூறினார். கலத்திலிருந்தே கலம் என்ற வேர்ச்சோவின் கோட்பாடு பிற்போக்கானது எனப் பழிக்கப்பட்டது. 1950 மே மாதம் மொஸ்கோவிற் கூடிய மாநாடு அவரைப் போற்றிற்று; அவ்வாண்டு ஸ்டாலின் பரிசும் அவருக்குக் கிட்டியது. அவர் கண்டதாகச் சொன்னது நிகழவேயில்லை. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் வேறெவருமல்லர், ஒப்பாரினே. பாரிசில் முடிவு சரி, விசாரித்த முறை பிழை. மொஸ்கோவில் இரண்டும் பிழை. பொருள்முதல்வாதியின் விருப்பமும் குருவானவரின் விருப்பத்தைப் போலவே குடுவையின் முன் வெறும் விருப்பந்தான். பாரிஸ் கதையை வகுப்பிற் சொல்லும் நம்மிற் பலர் மொஸ்கோக் கதையைச் சொல்வதில்லை.

ஹோல்டேன் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னணி விஞ்ஞானி. பரம்பரையியலில் லைசென்கோவின் கூற்றுகளைக் கட்சி தூக்கிப்பிடித்தமையால் மனம் கசந்து, 1950 அளவில் அதிலிருந்து விலகினார். மார்க்சின் சிந்தனைமீது கொண்ட மதிப்பை அவர் கைவிடவில்லை. 1957 இல் இந்தியாவிற் குடியேறி, 1964 டிசெம்பரில் புவனேஸ்வரத்தில் காலமானார். அவரது விருப்பப்படியே அவருடைய உடல் காக்கிநாடாவிலுள்ள மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அனுப்பப்பட்டது.