சாம்பல் தந்த பெயர்

பொட்டாசியம் என்னும் தனிமத்துக்குக் குறியீடு 'கே' என்ற எழுத்து. பெயரில் இல்லாத எழுத்து குறியீட்டில் எங்ஙனம் புகுந்தது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவுவதுண்டு. விடை தேடிச் செல்வோர் அரபு மொழியின் வாயிலில் வந்து நிற்க நேரிடும்.

'கலா' என்றால் அரபியில் வறுத்தான் என்பது பொருள். உவர் நிலத்திலும் கடலோரத்திலும் வளரும் உமரி இனச் செடிகளை உலர்த்தி எரித்து எடுத்த சாம்பலை அரபியர் 'அல்கிலீ' என்றனர். இவ்வினச் செடிகளுக்கு உஷ்னான் என்ற பெயரும் உண்டு. அதனைக் கொண்டு கை கழுவினர், துணி வெளுத்தனர். ஃபிக்ஹு ஓதியவர்கள் இச்சொல்லைத் தூய்மை பற்றிய பாடத்திலேயே கண்டிருப்பர். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுகையில் ஒரு முறை மண் சேர்த்துக் கழுவ வேண்டுமென்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மண்ணுக்குப் பகரமாக உஷ்னானோ சாபூனோ போதுமா என இமாம்கள் ஆராய்ந்தனர். மண்ணே வேண்டும் என்பது வலுவான கூற்று. சட்ட நூலில் பேசப்படும் அளவுக்கு அது வீட்டுப் பொருளாய் இருந்தது என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

ஹலப், நாபுலுஸ் நகரங்களின் புகழ்பெற்ற சவர்க்காரம் இச்சாம்பலில் விளைந்ததே. சாம்பல் நீருடன் சுண்ணாம்பு சேர்த்தால் அதன் காரம் கடுமையாகும். அதனோடு ஒலிவ எண்ணெயைக் காய்ச்ச, எண்ணெய் தன் இயல்பு மாறிச் சவர்க்காரமாகிறது.

கி.பி. 925 அளவில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் பொருள்களை வகைப்படுத்துங்கால், கிலீ உப்பையும் மரச்சாம்பல் உப்பையும் தனித்தனியே எண்ணினார். இவ்விரண்டின் வேற்றுமை ஐரோப்பாவில் தெளிவானது 18ஆம் நூற்றாண்டிலேதான். ஒன்று சுடரை மஞ்சளாக்கும்; மற்றொன்று இளஊதாவாக்கும் என 1758இல் ஜெர்மானியர் மார்க்கிராஃப் காட்டினார். 1807இல் இலண்டனில் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி, மரச்சாம்பற் காரத்திலிருந்து பொட்டாசியத்தையும், சில நாள்களில் மற்றைய காரத்திலிருந்து சோடியத்தையும் பிரித்தெடுத்தார். முன்னதை ஜெர்மானியர் 'காலியம்' என்றழைத்தனர். 'அல்கலி'யின் வழிவந்த அப்பெயரின் முதலெழுத்தே 'கே'.

இங்கொரு வேடிக்கை உண்டு. கடலோரச் செடிகளின் சாம்பலில் மிகுந்திருப்பது சோடியம். உள்நாட்டு மரங்களின் சாம்பலில் மிகுந்திருப்பது பொட்டாசியம். ஆக, அரபியரின் கிலீ பெரும்பாலும் சோடிய உப்பே. பெயரோ பொட்டாசியத்துக்குப் போய்விட்டது! சோடியம் 'நத்ரூன்' என்ற சொல்லின் வழியே 'நேட்ரியம்' ஆயிற்று. எகிப்தின் வாதீ நத்ரூன் பள்ளத்தாக்கில் கிடைக்கும் உவர் உப்பின் பெயர் அது.

பெயர் அரபியாதலின் பொட்டாசியத்தைக் கண்டவர் முஸ்லிம்களே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது பொருந்தாது. முன்னோர் அறிந்தது சாம்பலையும் அதன் காரத்தையும். அதனுள் அடங்கிய உலோகத்தை அன்று. அவர்கள் செய்த பணியே போதிய பெருமையுடையதாயிருக்க, செய்யாததை அவர்கள் மேல் ஏற்றுவானேன்?

உமரிச் சாம்பல் வணிகம் ஸ்பெயினிலும் நெடுங்காலம் செழித்தது. 1791இல் பிரான்சின் நிக்கோலா லெப்ளான் கறியுப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1860களில் பெல்ஜியத்தின் சால்வே அதனினும் மலிவான முறையைக் கொணர்ந்தார். செடியை எரிப்பார் குறைந்தனர்.

தனிமங்கள் மட்டும் நம் இல்லம் விட்டு நீங்கவில்லை. ஆப்ப சோடாவில் சோடியம் உண்டு. நம் வண்ணார் வெள்ளாவியிலிட்ட உவர்மண்ணின் காரமும் அதுவே. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நலிந்தோர்க்கு மருத்துவர் இளநீரை விலக்குவது இதனாலேயே. குளியலறையில் கட்டியாயிருக்கும் சோப்பு சோடியத்தால் ஆனது. முகம் மழிக்கக் குழைத்துப் பூசுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும்.