‘பரதேசி’ காட்டிய அடிமைத்தனமும் மதமும்

பாலா இயக்கத்தில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரதேசி’, தேயிலைக் காட்டில் அடிமைப்பட்டுப் போன ஏழைத் தமிழர்களின் கதை. செரண்டா, ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதில் வரும் கங்காணியும் லயமும் புதியவை அல்ல. தாத்தா பாட்டி வாயால் கேட்டவைதாம்.

பிரிட்டிஷ் பேரரசு 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. இந்தியாவுக்கு அத்தகைய சட்டம் 1843இல் வந்தது. ஆனால், தோட்டங்களுக்கு மலிவான ஆட்கள் வேண்டுமே! ஒப்பந்தக் கூலி முறை அதற்கு வழி செய்தது. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. மலாயாவில் அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ, இந்திய அரசு 1938இல் கூலிகளை அனுப்பத் தடை விதிக்கும் வரை நீடித்தது.

கங்காணி அந்நியன் அல்லன். சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களிடமே ஆசை வார்த்தை பேசி ஆள் சேர்த்தவன். படத்திலும் அப்படித்தான். ஊரே பஞ்சம் பிழைக்க அவன் பின்னால் நடக்கிறது. தோட்டத்தில் முன்பணம், அரிசி, துணி என்று எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. ஆண்டு முடிவில் கூலியை வாங்கப் போனால் மிஞ்சுவது கடன். காலில் விலங்கு இல்லை. ஆனாலும் ஊர் திரும்ப முடியவில்லை. தப்பி ஓடிப் பிடிபட்டவனின் கால் நரம்பு வெட்டப்படுகிறது.

இனி மதத்துக்கு வருவோம். கொள்ளை நோய் பரவும்போது படத்தில் ஒரு கிறிஸ்துவ மருத்துவர் வருகிறார். ஆட்டமும் பாட்டுமாக மத மாற்றம் நடக்கிறது. துன்பத்தில் கிடப்பவனிடம் மதம் விலை பேசுகிறது என்பதே அக்காட்சியின் குற்றச்சாட்டு. இதுதான் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

ஏன்? படத்துக்கு அடிப்படையான ‘ரெட் டீ’ நாவலை 1969இல் எழுதிய பி.எச். டேனியலே ஒரு கிறிஸ்துவ மருத்துவர். வால்பாறைத் தோட்டங்களில் பணியாற்றி, தொழிலாளர் பட்ட பாட்டைக் கேட்டறிந்து ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம், தொழிலாளருக்காகத் துரைமாரிடம் வாதாடுபவர். எழுத்தில் பரிந்து நின்றவர், திரையில் ஏளனத்துக்கு உரியவராகி விட்டார்.

மதத்தின் பெயரால் ஏழையின் பலவீனத்தைப் பயன்படுத்தியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், பிஜித் தீவின் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கப் போராடிய சி.எப். ஆண்ட்ரூசும் சமயப் பணிக்கென இந்தியா வந்தவரே. மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில்தான் தொழிலாளிக்கு ஊரும் உறவுமாக இருந்தது. அங்கேயும் முதல் மரியாதை கங்காணிக்கு; சாதிக்கேற்ப வரிசை. ஆகவே, எந்தச் சமயம் என்பதைவிட, அது யார் பக்கம் நின்றது என்பதே கேள்வி.

கள்ளையும் மறக்க முடியாது. தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடைக்கு இடம் கொடுத்தன. கூலி அங்கே கரைந்தது. 1941இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியபோது, கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ‘பரதேசி’ கதறலோடு முடிகிறது. சிலாங்கூர்த் தொழிலாளரின் கதை அதற்கு அப்பாலும் நடந்தது.

இன்று அந்தத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகி விட்டன. செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் உழைக்கிறார்கள். கட்டாய உழைப்பு நடப்பதாகக் கூறி, 2020இல் இரு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கா தடை விதித்தது. கடப்பிதழைப் பிடித்து வைப்பதும் கடனில் சிக்க வைப்பதும் குற்றச்சாட்டுகளில் இருந்தன. கங்காணியின் இடத்தில் இன்று முகவர். ‘பரதேசி’யைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தோட்டத்துப் பிள்ளைகள், பக்கத்து மரத்தடியில் குலை வெட்டும் அந்நியத் தொழிலாளியிடம் தங்கள் தாத்தாவை அடையாளம் காண வேண்டும்.