இந்திய மகளிர் காற்பந்து வரலாற்றில் பெம்பெம் தேவி

இந்திய மகளிர் காற்பந்து வரலாற்றில் கேரளத்துக் கோழிக்கோட்டிற்குத் தனியிடம் உண்டு. 1980 சனவரியில் அங்கு நடைபெற்ற ஆசிய மகளிர் வாகையர் போட்டியில் இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது. 1983இலும் அவ்விடத்தையே எய்தியது. எனினும் அவ்வேற்றம் பின்னர் நிலைபெறவில்லை. அதற்கான காரணத்தை ஒய்னம் பெம்பெம் தேவியின் ஆட்ட வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

கோழிக்கோட்டுப் போட்டி நிகழ்ந்த அதே ஆண்டு ஏப்ரலில் மணிப்பூர் மாநிலம் இம்பாலில் பிறந்த அவர், 1995இல் தம் பதினைந்தாம் அகவையில் ஆசியப் போட்டியில் குவாம் அணிக்கு எதிராக முதன்முதலாக இந்தியாவிற்கு ஆடினார். நடுக்கள ஆட்டக்காரராக இருபதாண்டுகள் நிலைத்த அவர், அணித்தலைமையும் ஏற்றார். 2001, 2013 ஆகிய ஆண்டுகளில் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். இவ்விரு விருதுகளுக்கும் இடையே, 2009இல், பன்னாட்டு ஆட்டங்களில் பங்கேற்காமையால் இந்திய மகளிர் அணி உலகத் தரவரிசையினின்று நீக்கப்பட்டது. அவரது திறன் முதிர்ந்திருந்த காலத்தில் ஆடுதற்குரிய ஆட்டங்கள் அருகியிருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

2016 பிப்ரவரியில் சில்லாங்கில் நேபாளத்தை வென்று தெற்காசிய விளையாட்டுப் பொற்பதக்கம் பெற்றதுடன் அவர் பன்னாட்டு ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். இந்திய மகளிர் லீக் அதன் பின்னரே, 2016-17 பருவத்தில் தொடங்கியது. அதில் முதல் வாகை சூடிய ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அணியை அவரே வழிநடத்தினார். 1983இல் சாந்தி மல்லிக் பெற்ற அர்ச்சுனா விருது, மற்றொரு காற்பந்து வீராங்கனையான பெம்பெம் தேவிக்கு 2017இல்தான் கிட்டியது. 2020இல் பத்மசிறீ வழங்கப்பெற்றது. லீக்கும் இவ்விருதுகளும் அவர் இந்திய அணியை விட்டு விலகிய பின்னரே வந்தமை எண்ணத்தக்கது.