மேலிருந்து பார்க்கும் டில்லி

பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறியவர்களுக்கு அந்த ஊர் பெரும்பாலும் ஒரு கோடாகவே அமைந்துவிடுகிறது. வீட்டில் தொடங்கி அலுவலகத்தில் முடியும் கோடு அது. டில்லியில் நெடுங்காலம் வாழ்ந்தும், அந்நகரத்தின் முழு உருவத்தை ஒருமுறையேனும் கண்டறியாத தமிழர் பலர் உண்டு. அத்தகையோருக்கு இன்று நல்லதொரு வசதி வாய்த்திருக்கிறது. கைபேசியிலுள்ள வரைபடச் செயலியைத் திறந்து, செயற்கைக்கோள் எடுத்த படத்தை நோக்கினால், நகரம் முழுவதும் உள்ளங்கையில் விரிகிறது. வழி கண்டுபிடிப்பதற்கே நாம் அதனைப் பயன்படுத்துகிறோம். நிதானமாகப் பார்ப்பவருக்கோ, அது ஒரு சரித்திர ஏடாகவும் உதவும்.

இந்தப் படம் ஒரே நாளில் பிறந்ததன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன், சென்னைப் பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். நிலத்தில் நடந்து அளந்த அப்பணி, பின்னர் விமானத்துக்கும் விண்வெளிக்கும் ஏறியது. 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்னும் நமது தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2005-இல் ‘கூகுள் எர்த்’தும், 2009-இல் நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘புவன்’ தளமும் இப்படங்களைப் பொதுமக்களின் கைக்கே கொணர்ந்தன.

டில்லியின் தென்கிழக்கிலிருந்து தொடங்குவோம். அங்கே கோணல்மாணலான மதில் ஒன்று பெரும்பரப்பை வளைத்து நிற்பது தெரியும். கியாசுத்தீன் துக்ளக் 1321-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய துக்ளகாபாத் கோட்டை அது. அதற்குத் தெற்கே, அவனுடைய சமாதி ஒரு சிறு கோட்டைபோல் தனித்து நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் பாதை நடுவே ஒரு சாலையால் வெட்டுண்டு கிடக்கிறது. நிலத்தின்மீது இப்படியொரு மேடான பாதை எதற்கு என்று தோன்றலாம். அந்தச் சமாதியைச் சூழ்ந்து அந்நாளில் ஏரி இருந்தது. நீரைக் கடக்க அமைத்த பாதை அது. ஏரி மறைந்தது, பாதை மட்டும் அதற்குச் சாட்சியாக எஞ்சியது.

வடக்கே நகர்ந்தால், ஷாஜஹான் 1639-இல் தொடங்கி 1648-இல் குடிபுகுந்த நகரைக் காணலாம். செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதிவரை சாந்தினி சௌக் நேராக ஓடுகிறது. அதன் இருமருங்கும் சந்துகள் வேர்கள்போல் பின்னிக் கிடக்கின்றன. கோட்டையின் கிழக்கு மதிலைத் தழுவி அந்நாளில் யமுனை ஓடியது. இன்று ஆறு விலகிப்போக, அவ்விடத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. இத்தனை நெருக்கமான நகரில், கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே மட்டும் பரந்த வெளி ஏன்? 1857-ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஆங்கிலேயர் அங்கிருந்த வீடுகளையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். படத்தில் பசுமையாகத் தோன்றும் அந்த வெளி ஒரு தண்டனையின் அடையாளம்.

அதற்குத் தெற்கே வட்டங்களும் அறுகோணங்களுமாக விரிவது, 1911-இல் அறிவிக்கப்பெற்று 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புது டில்லி. லட்யன்ஸ், பேக்கர் என்னும் சிற்பிகளின் கோடுகள் ஓர் அரசின் பெருமிதத்தைக் காட்டுகின்றன. ஆனால் ராய்சினா, மால்சா முதலிய கிராமங்களின் உழவர்கள் இழந்த நிலத்தின்மீதே அக்கோடுகள் விழுந்தன என்பதைப் படம் சொல்லாது. 1947-க்குப்பின் அகதிகள் வந்து குவிந்தனர். 1941-இல் சுமார் 9 லட்சமாயிருந்த டில்லியின் மக்கள்தொகை, 1951-இல் 17 லட்சத்தைத் தாண்டியது. ராஜேந்திர நகர், லாஜ்பத் நகர் முதலிய குடியிருப்புகளின் நெருங்கிய வரிசைகள் அந்தப் பெருந்துயரின் பதிவுகள்.

மேலிருந்து எடுத்த படம் உயரத்தையும் சரியாகக் காட்டுவதில்லை. ராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட மலைமந்திர், படத்தில் மரங்களுக்கிடையே ஒரு சிறு கட்டடத் தொகுதியாகவே தெரியும். முருகனைக் காணப் படியேறியவர்களுக்கே அது குன்று என்பது தெரியும்.

இறுதியாக, ஜங்புராவுக்கருகே பாராபுல்லா வடிகாலின் கரையைப் பாருங்கள். சில செயலிகளில் முந்தைய ஆண்டுகளின் படங்களையும் புரட்டிப் பார்க்க இயலும். பழைய படத்தில் அங்கே சிறுசிறு கூரைகள் நெருங்கியிருக்கும். அதுதான் ‘மதராஸி கேம்ப்’. தமிழகத்திலிருந்து வந்து வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்த குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தன. வடிகாலின் போக்கு தடைப்பட்டு மழைவெள்ளம் தேங்குகிறது என்ற காரணத்தால், உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுடையோர் எனக் கணிக்கப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஏனையோருக்கு அதுவும் இல்லை. ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலம் அருகிலேயே நிற்கிறது. அதனைப் பேணச் சட்டம் உண்டு. வடிகாலுக்கு வழிவேண்டும் என்பதும் நியாயமே. எனினும், அங்கே வாழ்ந்தோரின் கதையை எழுதிவைப்பார் இல்லையெனில், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் வெற்றிடமாகவே தெரியும்.

மன்னர்கள் கட்டியவற்றைக் கல் சொல்லும். எளியோர் இழந்தவற்றை வெற்றிடமே சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே, நீங்கள் வாழும் ஊர் எதுவாயினும், விடுமுறை நாளொன்றில் அதன் படத்தைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். காரணம் விளங்காத வெற்றிடம் ஒன்று கண்ணில் பட்டால், அங்கேயே நேரில் சென்று, அக்கம்பக்கத்து முதியவர்களிடம், முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். கேட்டதைப் பெயரோடும் ஆண்டோடும் குறித்துவையுங்கள். ஊரின் சரித்திரத்தை அறிந்தவர் அவ்வூருக்கு அந்நியராக இருப்பதில்லை.