வனஸ்பதியும் இரத்தக் கொழுப்பும்: நெய்க்கு மாற்றாக வந்த ஒரு கொழுப்பின் வரலாறு

எண்ணெயைக் கட்டியாக உறைய வைக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். நிக்கல் தூளை ஊக்கியாக வைத்து, சூடான எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் நெய்போல் இறுகும். நெடுநாள் வைத்திருந்தாலும் சிக்கு வாடை அடிக்காது. அமெரிக்காவில் 1911-இல் இது கிரிஸ்கோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இந்தியாவில் வனஸ்பதி எனப்படும் இது 1937-இல் டால்டாவாக வந்தது. நெய் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் கேசரி மணத்தது. காலியான மஞ்சள் டப்பாவில் துளசி வளர்த்த வீடுகள் எத்தனையோ!

இறுகும்போது எண்ணெய்க்குள் நடப்பதுதான் இக்கட்டுரையின் மையம். தாவர எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலச் சங்கிலி இயல்பில் வளைந்தது. ஹைட்ரஜனேற்றம் பாதியில் நின்றால், எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளில் சில திரும்பிக்கொண்டு சங்கிலி நேராகிவிடுகிறது. கோணல் சுள்ளிகளைக் கட்டாக அடுக்க முடியாது. நேரான விறகு நெருங்கி அடங்கும். வனஸ்பதி அறை வெப்பத்தில் உருகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நேர்ச்சங்கிலிக் கொழுப்புதான் ட்ரான்ஸ் கொழுப்பு.

இந்தியாவில் எதிர்ப்பு எழாமல் இல்லை. காந்தியே வனஸ்பதியை எதிர்த்தார். ஆனால் அன்றைய பெருங்கவலை நெய்யில் கலப்படம். அதைக் கண்டுபிடிக்கச் சட்டம் செய்த ஏற்பாடு நுட்பமானது: வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் அமிலம் சிவக்கும், கலப்படம் வெளிப்பட்டுவிடும். நெய்யின் தூய்மைக்கு இவ்வளவு அக்கறை காட்டிய சட்டம், வனஸ்பதியை நாள்தோறும் உண்டவரின் இரத்தக்குழாயைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்டவர் அமெரிக்க உயிர்வேதியியலர் ஃபிரெட் கும்மரோ. இறந்தவர்களின் உடல் திசுக்களில் ட்ரான்ஸ் கொழுப்பு படிந்திருப்பதை அவருடைய குழு 1957-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. உலகின் கவனமோ அப்போது வெண்ணெய், இறைச்சியின் நிறைவுற்ற கொழுப்பின் மீது இருந்தது. வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் உண்ணுங்கள் என்ற அறிவுரை, ட்ரான்ஸ் கொழுப்பை மேலும் பல சாப்பாட்டு மேசைகளுக்குக் கொண்டுபோனது. நல்லெண்ணத்தில் சொன்ன அறிவுரைதான், விளைவு கொடியது.

திருப்பம் 1990-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. மென்சிங்க், கத்தான் இருவரும் 59 பேருக்கு மூன்று வகை உணவுகளை மும்மூன்று வாரம் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தனர். ஒலியிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த உணவோடு ஒப்பிட்டால், ட்ரான்ஸ் கொழுப்பு மிகுந்த உணவில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் டெசிலிட்டருக்கு சுமார் 14 மில்லிகிராம் ஏறியது. நல்ல கொழுப்பான எச்டிஎல் 7 மில்லிகிராம் இறங்கியது. நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றியது. எச்டிஎல்லை இப்படி இறக்கவில்லை. ட்ரான்ஸ் கொழுப்பு இரு பக்கமும் கெடுத்தது.

உடல் பருமனுக்கும் இதில் பங்கு உண்டா? 2007-இல் வெளிவந்த ஆய்வொன்றில் குரங்குகளுக்கு ஆறு ஆண்டுகள் சம அளவு கலோரி கொடுத்தார்கள். ட்ரான்ஸ் கொழுப்பு உண்டவை கூடுதலாக எடை போட்டன. உடலில் கூடிய கொழுப்பு வயிற்றில் அதிகம் சேர்ந்தது. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும், கலோரிக் கணக்கு மட்டும் போதும் என்று சொல்வதற்கு இது தடை.

டென்மார்க் 2003-இல் ட்ரான்ஸ் கொழுப்புக்கு 2 விழுக்காட்டு வரம்பு விதித்தது. கும்மரோ தம் 98-ஆம் வயதில், 2013-இல், அமெரிக்க உணவு மருந்துத் துறை மீது வழக்குத் தொடர்ந்தார். 2015-இல் அத்துறை தடைக்கு வழிவகுத்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் வரம்பை 5, 3 எனப் படிப்படியாகக் குறைத்து, 2022 ஜனவரியில் 2 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. திசுக்களில் கண்டதற்கும் இந்த வரம்புக்கும் இடையே 65 ஆண்டுகள்.

வனஸ்பதி விட்ட இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது பாமாயில். அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதுவும் எல்டிஎல்லை ஏற்றும். ஆகவே பிஸ்கட் பொட்டலத்தில் ‘ட்ரான்ஸ் கொழுப்பு 0’ என்பதைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், நிறைவுற்ற கொழுப்பின் அளவையும் சேர்த்துப் படியுங்கள். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பஃப்ஸுக்குப் பொட்டலமும் இல்லை, சீட்டும் இல்லை. எந்தக் கொழுப்பில் செய்தது என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.