பிடித்ததும் கொடுத்ததும்: கொட்டகலை வட்டாரத்தில் சம்பளவழி நன்கொடையின் வரலாறு

மலையகத்தில் சம்பளத்திலிருந்து போன காசைப் பற்றிப் பேசும்போது யாரும் ‘கொடுத்தேன்’ என்பதில்லை. ‘பிடிச்சிட்டாங்க’ என்பார்கள். சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைச்சொல். கையிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்கு மட்டும் வேறு பேச்சு: ‘ஏதோ நம்மால முடிஞ்சது.’ அரச ஊழியர்களின் சம்பளத்திலிருந்து நன்கொடை திரட்டும் வழக்கம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று தேடப் புகுந்தபோது, இந்த இரண்டு வினைச்சொற்களும்தான் எனக்குச் சிறந்த வழிகாட்டிகளாக இருந்தன.

கொட்டகலை ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே உள்ள சிறு நகரம். சுற்றிலும் டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மேபீல்ட் என்று தோட்டங்கள். நகரில் அரசினர் ஆசிரியர் கலாசாலை. சற்றுத் தள்ளிப் பத்தனையில் ஜெர்மன் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. அதனால் இங்கே இரண்டு வகைச் சம்பளக்காரர்கள் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். ஒருவர் பேர் தோட்டத்து வேலைநாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலில். மற்றவர் பேர் அரசாங்கச் சம்பளப் பட்டியலில். அம்மா முதலாவதிலும் மகள் இரண்டாவதிலும் இருக்கும் வீடுகள் ஏராளம். அரச ஊழியரின் நன்கொடை வரலாற்றைச் செக்ரோலிலிருந்து தொடங்குவதற்கு அந்த வீடுகளே காரணம்.

செக்ரோலில் கோயில் காசு

கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் தொழிலாளியின் சம்பளம் முழுசாக அவன் கைக்கு வந்தது அபூர்வம். கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறியிருந்தது. அதை அடைக்கச் சம்மதிக்கும் தோட்டத்துக்கே ஆள் போகலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் செக்ரோலில் கழிவு எழுதும் பழக்கம் அதோடு ஒழியவில்லை. அரிசி, கம்பளி, டோபி, பாபர் என்று வரிசையாக எழுதப்பட்டன. பேர் சம்பளம் எவ்வளவு என்பதைவிடப் ‘பிடித்தது போக’ எவ்வளவு என்பதே லயத்து வரிசை வீடுகளில் கணக்கு.

அந்த வரிசையில்தான் கோயில் காசு வந்தது. திருவிழாவுக்கு முன் தோட்டத்துத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் கூடுவார்கள். மேளம் எங்கிருந்து, கரகம் யார், தேருக்கு என்ன செலவு என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு ஒரு நாள் பேரோ (சம்பளமோ) இரண்டு நாள் பேரோ என்று முடிவாகும். கடிதம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குப் போகும். துரை ‘சரி’ என்றால் பெரிய கிளாக்கர் செக்ரோலில் ஒரு நிரல் திறப்பார். சம்பள நாளில் அது கழிந்தே வரும். வசூலிக்க வீடு வீடாக நடக்க வேண்டியதில்லை, பாக்கி என்ற பேச்சும் இல்லை. கூட்டத்தில் கை தூக்கியவருக்கும் தூக்காதவருக்கும், கூட்டத்துக்கே வராதவருக்கும் தொகை ஒன்றுதான். வேதக்காரக் குடும்பங்களின் பேரை நீக்கச் சொல்லித் தனியாக ஒரு பட்டியல் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதைச் சுரண்டல் என்று எழுதிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. மாதம் முடியுமுன் கைக்காசு தீர்ந்துவிடும் ஒரு சமூகம் தன் கோயில்களைக் கட்டி எழுப்பியது இந்த நிரலை வைத்துத்தான். சாவு வீட்டுச் செலவுக்கென்று தோட்டங்கள் வைத்துக்கொண்ட மரணாதாரச் சங்கங்களும் இதே வழியில் நடந்தன. குறை வேறிடத்தில் இருக்கிறது. முடிவெடுத்தவர்கள் தலைவர்மார், பேனா பிடித்தவர் கிளாக்கர், அனுமதித்தவர் துரை. காசு கொடுத்தவரின் கையெழுத்து மட்டும் அந்தத் தாளில் இல்லை.

1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இதற்கு ஓர் எல்லை போட்டது. அங்கீகரிக்கப்பட்ட கழிவுகளை மட்டும், அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடு பிடிக்கலாம் என்றது. சம்மதம் என்ற சொல்லுக்கு உயிர் வந்ததோ தொழிற்சங்கத்தால். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொடங்கிய சம்மேளனத்துக்கும், 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிலாளர் பிரிவுக்கும் (பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) சந்தா உயிர்நாடி. சந்தாவைச் செக்ரோலிலேயே பிடிக்கும் வழக்கம் வந்தபின், ஒருவர் ஒரு சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் தாமே படிவத்தில் ஒப்பமிட வேண்டியதாயிற்று. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்தார். அந்தக் கைநாட்டுக்காகச் சங்கங்கள் லயம் லயமாக அலைந்தன. மலையகத் தொழிலாளியின் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் தாளில் மதிப்புக் கிடைத்த முதல் இடம் சந்தாப் படிவமே என்பது என் கணிப்பு. கோயில் காசுக்கு வராத மரியாதை சந்தாவுக்கு வந்ததற்குக் காரணம், சந்தாவுக்குப் போட்டி இருந்தது.

அரசாங்கம் முதலாளியானபோது

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அவை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போகும்வரை கொட்டகலைக் கொழுந்து பறித்தவர்களுக்கு முதலாளி அரசாங்கமே. இருந்தும் அவர்கள் அரச ஊழியர்கள் ஆகவில்லை, ஓய்வூதியம் கிடைக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், செக்ரோல், நாட்சம்பளம் எதுவும் மாறவில்லை. கழிவு நிரல்களும் அப்படியே.

மாற்றம் பள்ளிக்கூட வழியாக வந்தது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். அதுவரை தபாலகத்திலும் புகையிரத நிலையத்திலும் ஓரிருவர் பார்த்த அரசாங்க உத்தியோகம் அப்போதுதான் இங்கே ஒரு வகுப்பாகவே உருவானது.

அவர்கள் நுழைந்த சம்பளப் பட்டியலுக்கும் பழைய வரலாறு உண்டு. 1898ஆம் ஆண்டின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதிச் சட்டம் முதற்கொண்டே அரச ஊழியரின் சம்பளத்தில் கட்டாயக் கழிவு இருந்துவருகிறது. ஆனால் அது நன்கொடை அல்ல. தன் குடும்பத்துக்கான காப்பு. பிறருக்காகக் கொடுக்கும் பழக்கத்துக்குக் குடியேற்றக் காலத்தில் அடையாளமாக இருந்தது போர் நினைவு நாளான நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூ. சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகிறதே என்று கேட்டு, 1931இல் சூரிய மலர் இயக்கம் பூவரசம்பூவை விற்கத் தொடங்கியது. பின்னர் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரண வேலைக்கு இறங்கியவர்களும் அவர்களே. கொடுப்பவர் ‘இந்தக் காசு எங்கே போகிறது?’ என்று கேட்கலாம் என்பதை இந்நாட்டில் பகிரங்கமாக நிறுவிய நிகழ்ச்சி என்றே அதைச் சொல்வேன்.

இன்றைய பாடசாலையில் நன்கொடை இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று ஆசிரியர் நலன்புரிச் சங்கம். பொருளாளரிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கும். ஒரு பக்கத்தில் பேர்கள், எதிரே மாதங்கள். சக ஆசிரியர் வீட்டில் சாவு என்றால் இவ்வளவு, சத்திரசிகிச்சை என்றால் இவ்வளவு என்று கூட்டத்தில் தீர்த்த தொகைகள் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். மண்சரிவில் லயம் இடிந்து பிள்ளைகள் பாடசாலை மண்டபத்தில் படுத்திருக்கும் நாட்களில் அதே கொப்பியின் கடைசிப் பக்கம் திறக்கும். பாய், பால்மா, சீருடைத் துணி என்று செலவு அங்கேயே பதிவாகும். காசு கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கவே பொருள் கைமாறும்.

மற்றது மேலிருந்து வரும் கடிதம். அதிபரின் குறிப்போடு வரவுப் பதிவேட்டுக்குக் கீழே ஒரு பட்டியல் சுற்றிவரும். பேர், சம்பள இலக்கம், தொகை, ஒப்பம். முதலில் அதிபர் ஒப்பமிட்டிருப்பார். அடுத்து பிரதி அதிபர். இருபதாவது ஆளிடம் வரும்போது அது பட்டியல் என்பதைவிடச் சாட்சிப் பத்திரம். இப்படிப்பட்ட ஒரு தாள் என் முன்னாலும் ஒருமுறை வந்திருக்கிறது. மேலே ஒப்பமிட்டிருந்த பதினொரு பேரைத்தான் நான் முதலில் படித்தேன். எதற்காகக் காசு என்பதை ஒப்பமிட்ட பிறகே படித்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

2020 மே மாதம்

கொவிட்-19 சுகாதார, சமூகப் பாதுகாப்பு நிதியம் 2020 மார்ச்சில் ஜனாதிபதி நிதியத்தின் 10 கோடி ரூபாய் ஆரம்பத் தொகையோடு இலங்கை வங்கியில் திறக்கப்பட்டது. ‘இட்டுகம’ என்ற பேரில் அது அறியப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதியின் செயலாளர் பி. பி. ஜயசுந்தர அமைச்சுகளின் செயலாளர்களுக்கு எழுதிய கடிதமொன்று வெளியாயிற்று. தம் மே மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன அவர், மற்ற அரச உத்தியோகத்தர்களும் முழுவதையோ ஒரு பகுதியையோ தருவதைப் பரிசீலிக்கலாம் என்று கேட்டிருந்தார். தொழிற்சங்கங்கள் கொதித்தன. விருப்பமானவர்கள் தந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

கடிதத்தில் ‘கட்டாயம்’ என்ற சொல் இல்லை. ஆனால் படிநிலையில் மேலே இருப்பவர் கேட்கும்போது, கீழே போகப்போக வேண்டுகோள் எப்படி உத்தரவாக மாறுகிறது என்பதைச் செக்ரோல் பார்த்த வீடுகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை கழிவுகளுக்கு முறை வகுத்திருக்கிறது. இருந்தும் பண்டிகை முற்பணம், இடர் கடன், வங்கிக் கடன் எல்லாம் கழிந்து மிஞ்சுவதில் வீடு நடத்தும் ஓர் ஆசிரியைக்கு ஒரு நாள் சம்பளம் என்பது வெறும் அடையாளத் தொகை அல்ல.

வேண்டுகோளா, உத்தரவா என்ற இதே கேள்வி கேரளத்தில் நீதிமன்றம்வரை போனது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப்பின் ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தரவேண்டும், விருப்பமில்லாதவர்கள் அதை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அரசாணை வந்தது. எழுதிக் கொடுக்கும் நிபந்தனைக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையில் தலையிட மறுத்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைத் தோட்டப் பகுதிகள் மண்ணுக்குள் போயின. அங்கே ‘பாடி’ என்பது நம்முடைய லயம்தான். அப்போதும் ஊழியரிடம் ஐந்து நாள் சம்பளம் கேட்டார்கள். இம்முறை சம்மதம் தருபவரே எழுதித் தரவேண்டும் என்றது அரசு. எழுத வேண்டியவர் மறுப்பவரா, சம்மதிப்பவரா என்ற இந்த ஒரு மாற்றத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அமெரிக்க நடுவண் அரசு ஊழியருக்கான ஒருங்கிணைந்த நன்கொடை இயக்கம் இன்னும் பழையது. பல தொண்டு அமைப்புகள் தனித்தனியாக அலுவலகங்களில் வசூல் செய்த தொல்லையைக் குறைக்க 1961இல் ஜனாதிபதி கென்னடி ஆணையிட்டார். 1964இல் ஒருங்கிணைந்த வசூல் சோதனையாகத் தொடங்கியது. ஆண்டுக்கொரு பருவத்தில், தகுதி பெற்ற அமைப்புகளின் பட்டியலிலிருந்து ஊழியரே தேர்ந்தெடுக்கிறார். சொன்ன தொகை ஒவ்வொரு சம்பளத்திலும் கழிகிறது. பேரை மறைத்துக்கொள்ளலாம். அதன் விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி வற்புறுத்தலைப் பற்றியது. ‘நீ கொடுத்தாயா?’ என்று மேலதிகாரி கேட்கக்கூடாது. நூற்றுக்கு நூறு பேரும் கொடுக்கவேண்டும் என்று இலக்கு வைக்கக்கூடாது. கொடுக்காதவர் பட்டியல் தயாரிக்கக்கூடாது. அங்கேயும் எங்கோ ஒரு தாள் சுற்றிவந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி விதி எழுதத் தோன்றாது.

இங்கே புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. அடுத்த மண்சரிவுக்கான சுற்றுநிருபம் எழுதும் அதிகாரிகள், ஆளுக்கொரு படிவமாக, தமிழிலும் அச்சிட்டு, காசு சேரும் இடத்தை முதல் வரியிலேயே சொல்லி அனுப்பட்டும். அதிபர்மார் பட்டியலை வரவுப் பதிவேட்டுக்குக் கீழே வைக்காமல் இருக்கட்டும்.