வல்லாரையும் நரம்பு வளர்ச்சியும் - ஒரு சின்ன வரலாறு

பரீட்சை நெருங்கினால் நம் வீடுகளில் வல்லாரைத் துவையல் தட்டில் வந்து விழும். "சாப்பிடு, ஞாபகசக்தி வரும்" என்பார்கள். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? பதில் தெரிய முதலில் இத்தாலிக்குப் போக வேண்டும்!

1938-ல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தது. டூரின் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கு வேலை போயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை. தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, கோழிக் கருக்களில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். போர் முடிந்து 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். 1950-களில் அவரும் ஸ்டான்லி கோஹனும் சேர்ந்து, நரம்பு செல்களை வளரவும் பிழைத்திருக்கவும் வைக்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். அதுதான் 'நரம்பு வளர்ச்சிக் காரணி'. 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அந்தப் புரதத்தையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். சாப்பிட்டால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசி போட்டாலும், பெரிய மூலக்கூறு என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால் அதே வேலைக்கு உதவும் சிறிய மூலக்கூறுகளைத் தேட ஆரம்பித்தார்கள். தேடல் மூலிகைகள் பக்கமும் திரும்பியது.

2005-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் வல்லாரையைச் சோதித்தார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியோடு சேர்த்துக் கொடுத்தபோது, வல்லாரையின் ஆல்கஹால் சாறு மனித நரம்புவகை செல்களின் இழைகளை நன்றாக நீளச் செய்தது. அதே அளவு தண்ணீர்ச் சாறு அப்படிச் செய்யவில்லை! காலில் நரம்பு அடிபட்ட எலிகளும் ஆல்கஹால் சாற்றால் சீக்கிரம் தேறின. வல்லாரையில் உள்ள ஏசியாட்டிக் அமிலத்துக்கும் செல்களில் பலன் தெரிந்தது. ஜப்பானின் தொயாமாவில், அமுக்கராவிலுள்ள விதனோலைடு-ஏ என்ற பொருள், சேதமடைந்த எலி நரம்பு செல்களில் இழைகளை மறுபடி வளர வைத்தது.

அப்படியானால் பாட்டி சொன்னது சரியா? பாதி சரி என்பேன். செல்லிலும் எலியிலும் நடப்பதெல்லாம் மனிதனிடமும் நடக்கும் என்று சொல்ல முடியாது. இந்த இடைவெளியை மறைத்துத்தான் பலர் 'ஞாபகசக்தி மாத்திரை' விற்கிறார்கள். மறதி நோய் வந்தவரின் குடும்பம் அதை நம்பி, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டால் நஷ்டம் பணத்தோடு போகாது.

படுக்கையறையில் ஆய்வு செய்தபோதும் லெவி-மோன்டால்சினி சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார். மூலிகைக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். துவையலை ருசித்துச் சாப்பிடுங்கள், ஆனால் பாடத்தையும் படியுங்கள்!